லேசர் ப்ரோப்பா, விளக்கெண்ணெய் ஸ்லைடா?

விமான இறக்கையில் ஐஸ் படிவதைப் பார்க்கும் எங்கள் கடைசி வருட பிராஜெக்ட்டுக்காக, காசிமேட்டில் மீன் வைக்கும் குளிர் அறை ஒன்றைக் கெஞ்சி வாங்கினோம். மைனஸ் 5 டிகிரி, ஒரு ஃபேன், ஒரு ஸ்ப்ரே நாசில், போதாததற்கு மீன் வாடை. நீர்த்துளி எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அளக்க இரண்டு வழி இருந்தது: இரவல் கிடைத்த பழைய லேசர் ப்ரோப், அல்லது விளக்கெண்ணெய் தடவிய கண்ணாடி ஸ்லைடு. நான் ஸ்லைடு பக்கம் சாய்ந்தேன்.

லேசரின் பெருமை தெரிந்ததுதான். ஐசிங் டெஸ்ட் விமானங்களில் மாட்டும் சி.டி.பி. (க்ளவுட் டிராப்லெட் ப்ரோப்) என்ற லேசர் கருவி, துளி முன்பக்கம் சிதறவிடும் ஒளியை வைத்து 2 முதல் 50 மைக்ரான் வரை ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போகும். விமான ஐசிங்குக்கான அமெரிக்க விதியின் அப்பெண்டிக்ஸ் சி என்ற பின்னிணைப்பு, அடுக்கு மேகத்துக்குச் சொல்லும் 15 முதல் 40 மைக்ரான் அதற்குள் அடங்கிவிடும். மணிக்கணக்காகப் பறக்கும்போது ஸ்லைடை நீட்டிக்கொண்டிருக்க முடியாது, அதில் எனக்கு வாதமே இல்லை.

எனக்கு மனசு விட்டுப்போனது பராமரிப்பில். எத்தனை பிரகாசமோ அத்தனை பெரிய துளி என்பதுதான் ப்ரோப்பின் கணக்கு. காசிமேட்டு உப்புக்காற்று லென்ஸில் படிந்தால் ஒளி மங்கும், துளி சின்னதாகத் தெரியும். தண்ணீரின் அளவு விட்டத்தின் மூன்றாம் படியைப் (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது என்பதால், விட்டம் 10 சதவீதம் குறைந்தால் தண்ணீர் 27 சதவீதம் குறைகிறது! கருவி ஒன்றும் முனகாது, கிராஃப் அழகாகவே வரும். அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைத் தூவிப் பார்த்தபோது 30 மைக்ரான் மணியை 26 என்று காட்டியது, அப்போதுதான் விழித்தோம். அப்புறம் தினமும் துடை, மணி தூவு, கண்ணாடி ஒளியைச் சிதறவிடும் விதம் வேறு தண்ணீர் சிதறவிடும் விதம் வேறு என்பதால் அதற்கொரு கணக்குப் போடு என்று 20 நிமிட டெஸ்ட்டுக்கு அரை நாள் போயிற்று. விமானத்திலும் லேசரை மட்டும் நம்பாமல், துளியை ஆவியாக்கச் செலவாகும் மின்சாரத்திலிருந்து தண்ணீரைக் கணக்கிடும் ஹாட் வயரையும் கூடவே மாட்டுகிறார்கள்.

ஸ்லைடில் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெயின் அடர்த்தி தண்ணீருக்குக் கிட்டத்தட்ட சமம், விழுந்த துளி உருண்டையாகவே கொஞ்ச நேரம் நிற்கும். மைக்ராஸ்கோப்பையும் உள்ளேயே வைத்து செல்போனில் படம் எடுத்தோம். ஸ்லைடு கெட்டிருந்தால் துளிகள் ஒட்டிக்கிடப்பது கண்ணுக்கே தெரியும், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை நீட்டலாம்.

ஆனால் தண்டையார்பேட்டை வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எண்ணினேன், அதை மறைக்கவில்லை. சின்னத் துளிகள் காற்றோடு வளைந்து தப்பிவிடும், எனவே 10 மைக்ரானுக்குக் கீழே என் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஸ்லைடைக் குறுகலாக வெட்டியதும் கொஞ்சம் தேறியது.

1994இல் அமெரிக்காவின் ரோஸ்லானில் ஏ.டி.ஆர். 72 பயணிகள் விமானம் ஐஸ் படிந்து விழுந்த பிறகு எல்லோரும் பயப்படுகிற பெரிய துளிகளுக்கு சி.டி.பி.யும் போதாது, துளியின் நிழலைப் படம் எடுக்கும் ப்ரோப் வேண்டும். என் எண்ணெயில் 80 மைக்ரான் துளிகூடச் சிக்கியது, ஆனால் அது ஃபேன் காற்றில். விமான வேகத்தில் மோதினால் சிதறிவிடும், அங்கே நான் போனதில்லை.