ஆளுக்கு ஆண்டுக்கு 200 சிரிஞ்ச்: ஒரு மதிப்பீட்டு வழிகாட்டியைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

போதைப்பொருள் எடுப்பதால் வரும் நோய்களையும் இறப்புகளையும் குறைக்க முயலும் தீங்கு குறைப்புத் திட்டங்களை மதிப்பீடு செய்யக் கிளம்பும்போதெல்லாம் என் பையில் ஒரு ஆவணம் இருக்கும். ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு, சிகிச்சை, பராமரிப்பு ஆகியவற்றுக்கு நாடுகள் எப்படி இலக்கு வைப்பது என்று உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம், ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்டமான யுஎன்எய்ட்ஸ் மூன்றும் சேர்ந்து தயாரித்த தொழில்நுட்ப வழிகாட்டி அது. முதலில் 2009இல் வந்தது, 2012இல் திருத்தினார்கள். இலவசமாகவே கிடைக்கிறது. நான் முதலில் களப்பணியாளராக இருந்தேன், அப்புறம் மதிப்பீட்டுக் குழுக்களில் சேர்ந்தேன். அளக்கப்படும் பக்கத்திலும் அளக்கும் பக்கத்திலும் இருந்து இதைப் பார்த்திருப்பதால் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆவணம் ஒன்பது சேவைகளை ஒரே தொகுப்பாக்கியது. ஊசி சிரிஞ்ச் வழங்கல், ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாக மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் கொடுக்கும் மாற்று மருந்துச் சிகிச்சை, எச்.ஐ.வி. பரிசோதனை, எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை, பால்வினை நோய்ச் சிகிச்சை, ஆணுறை, தகவல் கல்வி, ஹெபடைடிஸ் என்னும் கல்லீரல் அழற்சிக்கான சேவைகள், காசநோய்க்கான சேவைகள். சேவைகளின் பரவலுக்கு, அதாவது அவை எவ்வளவு தூரம் மக்களைச் சென்றடைகின்றன என்பதற்கு, எல்லைகளும் வகுத்தது. ஆண்டுக்கு ஆளுக்கு 100 சிரிஞ்சுக்குக் கீழே போனால் குறைவு, 100 முதல் 200 வரை நடுத்தரம், 200க்கு மேல் போனால் உயர்வு. மாற்று மருந்துச் சிகிச்சைக்கு, அது தேவைப்படுகிறவர்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று பார்த்து, 20 சதவீதமும் 40 சதவீதமும் எல்லைக்கோடுகள். எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று அறிக்கை நிரப்பியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். நிதித்துறை அதிகாரி நமக்குப் பத்து நிமிடம்தான் தருவார். அந்தப் பத்து நிமிடத்தில் “இங்கே ஆளுக்கு 40தான் போகிறது, 200 போக வேண்டும்” என்று சொல்ல முடிவது பெரிய பலம்.

சரி, இப்போது சிக்கலுக்கு வருகிறேன். 200ஐ 365ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு சிரிஞ்சைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நாளைக்கு மூன்று தடவை ஹெராயின் ஏற்றிக்கொள்கிறவருக்கு ஆண்டுக்கு 1,095 வேண்டும். ஆக ‘உயர்வு’ என்று அட்டவணையில் பச்சை நிறம் வாங்கிய திட்டத்திலும் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். 2016இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஹெபடைடிஸ் உத்தி 2030க்கு 300 என்று இலக்கை உயர்த்தியது. ஹெபடைடிஸ் சி எச்.ஐ.வி.யைவிட எளிதாக ரத்தத்தின் வழியே தொற்றும். அதைக் கணக்கில் வைத்தால் 200ஓடு திருப்திப்படக் கூடாது.

இதைவிட என்னை உறுத்துவது வகுக்கும் எண். ஒரு நாட்டில் 10 லட்சம் சிரிஞ்ச் வழங்குகிறார்கள், ஊசி போடுகிறவர்கள் 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100. அடுத்த கணக்கெடுப்பில் அந்த 10,000 என்பது 5,000 ஆகிவிட்டால், ஒரு சிரிஞ்ச்கூடக் கூடாமலே ஆளுக்கு 200 வந்துவிடும். அதனால் ஒரு மதிப்பீட்டு அறிக்கை என் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, அந்த ஆள் எண்ணிக்கை எந்த ஆண்டு, எந்த முறையில் வந்தது என்பதைத்தான். அது அடிக்குறிப்பில்கூட இல்லையென்றால் மற்ற எண்களை நான் நம்புவதில்லை.

எண்களில் தெரியாத ஒன்றை, சிரிஞ்ச் வழங்கும் ஒரு மையத்தின் பதிவேட்டில் பார்த்தேன். நீளமான நோட்டு. தேதி, குறியீட்டு எண், கொடுத்தது, திரும்பியது என்று நான்கு கட்டங்கள். ஒரே குறியீட்டு எண் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் முப்பது, நாற்பது சிரிஞ்ச். என்னோடு வந்திருந்த, திட்டத்துக்கு நிதி கொடுக்கும் அமைப்பின் பிரதிநிதி அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, “விற்கிறார்களா, பாருங்கள்” என்றார். நோட்டை எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் முன்பு ஊசி போட்டவர்தான். “அந்த அக்கா இன்னும் ஆறு பெண்களுக்குச் சேர்த்து வாங்கிட்டுப் போறாங்க. இங்கே முழுக்க ஆம்பளைங்க. அவங்க யாரும் இந்த வாசலை மிதிக்க மாட்டாங்க” என்றார். அந்தத் திட்டம் பெண்களைச் சென்றடைந்த ஒரே வழி அந்த அக்காதான். அட்டவணையில் அவர் ஒரு ஆள். பதிவேட்டில் அவர் சந்தேகத்துக்குரியவர். வருகைக்கு இத்தனைதான் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருந்தால் அந்த ஆறு பேருக்கும் ஒன்றும் போயிருக்காது.

வழிகாட்டியில் தரம் பற்றிய குறியீடுகளும் உண்டு. ஆனால் மதிப்பீட்டுக் குழு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பணி வரையறை எழுதுகிறவர்கள் பரவல் எண்களை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். மெத்தடோனை எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு அளவு சராசரியாக நாளைக்கு 60 முதல் 120 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 சிகிச்சை வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு மையம் எல்லோருக்கும் 30 கொடுத்துக்கொண்டு, ‘சிகிச்சையில் இருப்போர்’ என்ற கட்டத்தில் எல்லோரையும் எழுதிவிடலாம். சாயங்காலம் உடம்பு முறுக்கத் தொடங்கி அவர்கள் திரும்ப ஊசிக்குப் போவது அந்தக் கட்டத்தில் தெரியாது. அதனால் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்காருங்கள், யாருக்கு எவ்வளவு மருந்து கொடுத்தார்கள் என்ற பதிவேட்டை வாங்கிப் பாருங்கள் என்று புதிதாகச் சேரும் எல்லோரிடமும் சொல்வேன்.

சிரிஞ்சையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசி தனியாகக் கழன்று வரும் வழக்கமான வகையில் பிஸ்டனைக் கடைசிவரை அழுத்தினாலும் கழுத்துப் பகுதியில் கொஞ்சம் ரத்தம் தங்கும். அப்படி அதிகம் தங்காத வகையையும் வழங்க வேண்டும் என்று 2012இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. எண்ணிக்கைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஆவணத்தின் மிகப் பெரிய குறை என்று நான் நினைப்பது, அந்த ஒன்பதில் நலாக்சோன் இல்லாதது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருட்கள் அளவு மீறி மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஒருவரைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து அது. எச்.ஐ.வி.யை மையமாக வைத்து எழுதியதால் விடுபட்டது என்பது புரிகிறது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதல்களில் அதைச் சேர்த்துவிட்டது. ஆனால் பழைய ஒன்பதையே சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொண்டு போகிறவர், அளவு மீறி இறந்தவர்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் திரும்பிவர முடியும்.

நிதி நின்ற பிறகு என்ன ஆகும் என்பதற்கு ருமேனியாவைப் பார்க்க வேண்டும். எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நாடுகளுக்குப் பணம் தரும் குளோபல் ஃபண்டின் நிதி அங்கே 2010இல் முடிந்தது. சிரிஞ்ச் வழங்கல் சுருங்கியது. அதே சமயத்தில் அடிக்கடி ஏற்றிக்கொள்ள வைக்கும் புதிய ஊக்கிப் பொருட்கள் பரவின. 2011 முதல் ஊசி போடுகிறவர்களிடையே எச்.ஐ.வி. வேகமாக ஏறியது. திட்டம் முடியும் மாதத்தில் மதிப்பீட்டை முடித்துக் கையெழுத்துப் போட்டால் இந்தப் பகுதி எந்த அறிக்கையிலும் வராது. முடிந்து இரண்டு ஆண்டு கழித்து ஒரு முறை போய்வருவதற்கும் ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போலீஸ் விஷயத்தை இந்த ஆவணத்தின் அட்டவணைகளால் அளக்க முடியாது. அதற்கு, பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் மதிப்பீட்டு அளவுகோல்களில் 2019இல் ஆறாவதாகச் சேர்ந்த ‘ஒத்திசைவு’, அதாவது ஒரு திட்டம் மற்ற துறைகளின் வேலையோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற கேள்வி, உதவும். சுகாதாரத் துறை கொடுத்த சிரிஞ்சை அதே தெருமுனையில் போலீஸ் சாட்சியப் பொருளாக எடுத்தால், அதை எழுத இடம் அதுதான். 2022 வழிகாட்டுதல்களில் தண்டிக்கும் சட்டங்களை நீக்குவதையும் இவர்களைச் சமூகம் ஒதுக்கிவைப்பதைக் குறைப்பதையும் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசியம் என்று முன்வரிசையில் வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே நிம்மதி தந்தது.

ஆக, வாங்கலாமா என்றால், இலவசம்தானே, கட்டாயம் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு உலக சுகாதார நிறுவனத்தின் 2014, 2022 வழிகாட்டுதல்களையும் சேர்த்து வையுங்கள். முதல் நாள் அலுவலகத்துக்குப் போகாமல், மையம் பூட்டிய பிறகு ஆறு மணிக்கு அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். அந்த நேரத்தில் சிரிஞ்ச் தேடுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று, முன்பு ஊசி போட்டு இப்போது மையத்தில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள். பதிவேட்டில் பென்சில் வட்டம் ஏதாவது இருந்தால், அந்த ஆளை நேரில் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள்.