எஃப்-35-க்கு முன்னால் நம் கிரிப்பன் நிற்குமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் விமானப் பைத்தியம் பிடித்த பையன் ஒருவன் இருப்பான். "எஃப்-35 வந்தா நம்ம கிரிப்பன் நிக்குமா, மாமா?" என்பான். நேருக்கு நேர் விட்டால் நிற்காது. ஆனால் அமெரிக்காவின் எஃப்-35 ரேடாரின் கண்ணில் படாமல் மறையும் 'ஸ்டெல்த்' போர்விமானம்; நம் விமானப்படையின் கிரிப்பன் சுவீடன் செய்த போர்விமானம். இரண்டும் வெவ்வேறு வேலைக்குப் பிறந்தவை. தென்னாப்பிரிக்காவின் வேலை எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டெல்த் ஏன் இவ்வளவு விலை கேட்கிறது? ரேடார் ஒரு விமானத்தைக் கண்டுபிடிக்கும் தூரம், அதன் எதிரொலிப்புப் பரப்பின் (ரேடாருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதன்) நான்காம் மூலத்தைப் பொறுத்தது. பரப்பை 16-இல் ஒரு பங்காகச் சுருக்கினால்தான் தூரம் பாதியாகும். பத்தில் ஒன்றாக வேண்டுமானால் 10,000 மடங்கு சுருக்க வேண்டும். அரைகுறையாக மறைந்து பெரிய லாபமில்லை; மறைவதென்று இறங்கினால் மற்றதையெல்லாம் அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

எஃப்-35 அப்படித்தான் விட்டுக்கொடுத்தது. இறக்கை, வால், கதவு விளிம்புகள் ஒருசில திசைகளுக்கே ஒழுங்குபடுத்தப்பட்டவை. காற்று நுழையும் வாயில் ஒரு புடைப்பு. அதற்குப் பின்னால் வளைந்து செல்லும் குழாய் எஞ்சினின் முகத்தை மறைக்கிறது. குண்டு, ஏவுகணை, 8 டன் எரிபொருள் எல்லாம் வயிற்றுக்குள்ளே. விளைவு, வெறும் எடையே 13 டன்னுக்கு மேல். வேகம் மாக் 1.6-ஓடு, அதாவது ஒலியைப் போல் 1.6 மடங்கோடு, நின்றுவிடுகிறது. இறக்கையடியில் ஆயுதத்தைத் தொங்கவிட்டால் ரேடாருக்கு நன்றாகவே தெரிய ஆரம்பித்துவிடும். ரஷ்யாவின் சு-57 இதில் பாதி வழியில் நிற்கிறது: முன்பக்கத்தை மறைத்தது, பின்னால் உருண்டை எஞ்சின் முனைகளை அப்படியே விட்டுவிட்டது.

இவ்வளவு செய்தும் முழு மறைவு கிடையாது. 1999-இல் செர்பியர்கள் அமெரிக்காவின் ஸ்டெல்த் விமானமான எஃப்-117-ஐ வீழ்த்தியபோது அதை முதலில் மோப்பம் பிடித்தது, மீட்டர் அளவு அலையில் இயங்கும் பழைய சோவியத் ரேடார். சென்டிமீட்டர் அலைகளை ஏமாற்றச் செதுக்கிய வடிவம் அவ்வளவு நீண்ட அலையிடம் எடுபடுவதில்லை.

நம்மிடம் உள்ள ஒற்றை இருக்கை வகையான கிரிப்பன் சி வேறு கவலையில் உருவானது. போரின் முதல் நாளே விமானத்தளங்கள் அழிந்துவிடும் என்று சுவீடன் கணக்குப் போட்டது. அதனால் நெடுஞ்சாலைத் துண்டு ஒன்றில் இறங்க வேண்டும். ஒரு தொழில்நுட்பரும் கட்டாயச் சேவையில் வந்த ஐந்து பையன்களும் பத்தே நிமிடத்தில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி மறுபடி அனுப்ப வேண்டும். மூக்கருகே உள்ள முன்சிறகுகள் வானில் திருப்பத்துக்கு உதவும், இறங்கியதும் சாய்ந்து பிரேக் போடும். முன்சிறகு இருந்தால் ஸ்டெல்த் இல்லை என்பார்கள். ஆனால் சீனாவின் ஸ்டெல்த் விமானமான ஜே-20-க்கும் அது இருக்கிறது. கிரிப்பனைக் காட்டிக்கொடுப்பது வெளியே தொங்கும் ஏவுகணைகளும் எரிபொருள் தொட்டிகளும்தான்.

தொட்டி இல்லாமலும் முடியாது. எஃப்-35-இன் எடையில் பாதிதான் இதற்கு. உள்ளே கொள்ளும் எரிபொருளோ 2 டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. கிரிப்பன்கள் நிற்கும் வடக்கிலுள்ள மக்காடோ தளத்திலிருந்து கேப்டவுன் 1,500 கி.மீ.-க்கு மேல். சுவீடனின் போருக்கு இது போதுமானதாக இருந்திருக்கலாம். நம் நாட்டின் நீள அகலத்துக்குப் போதாது. என் கணக்கில் கிரிப்பனின் உண்மையான குறை இதுதான், ஸ்டெல்த் இல்லாதது அல்ல.

ஏனென்றால் நம் விமானப்படை எந்த நாட்டின் ஏவுகணை வேலியையும் இரவோடு இரவாகத் தாண்டப் போவதில்லை. 2010 உலகக் கோப்பையின்போது கிரிப்பன்கள் வான்காவலுக்குப் பறந்தன. காவல்காரன் கண்ணில் படத்தான் வேண்டும். அமைதிக் காலத்தில் எஃப்-35-கூட ரேடாரில் தெரியட்டும் என்று பிரதிபலிப்பான்களை மாட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் பறக்கிறது.

பராமரிப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2008 முதல் 2012 வரை 26 கிரிப்பன்கள் வந்தன. 2021-இல் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் அத்தனையும் தரையில் நின்றன. சுலபமாகப் பராமரிக்கவென்றே செய்த விமானத்துக்கே இந்தக் கதி. எஃப்-35-இன் ரேடார் உறிஞ்சும் பூச்சுக்கு யார் படியளப்பது?

கையில் பணம் வந்தால் நான் கேட்பது வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானம். நம்மிடம் இருந்த போயிங் 707 டேங்கர்கள் 2007-இல் ஓய்வுபெற்றன. அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. கிரிப்பன் சி-யிலோ அதற்கான உறிஞ்சுகுழாய் ஏற்கெனவே இருக்கிறது.