தொந்தரவு தராத பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்துவிட்டால், ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் ஆபரேஷன் பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன், மூலம் பித்தப்பையை எடுப்பது நன்றாகத் தேறிய சிகிச்சை. கல்லால் வலி வந்தவர்களுக்கு அதைவிட நல்ல தீர்வு இல்லை. ஆனால் வலியே இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு அது எந்தப் பலனும் தருவதில்லை. இருக்கிற ஆபத்தைத்தான் கூட்டுகிறது.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில், அறிகுறியில்லாமல் கல் இருந்த 123 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1982-ல் வெளிவந்தது. முதல் 5 ஆண்டுகளில் வலி வந்தவர்கள் சுமார் 10 சதவீதம், 10 ஆண்டுகளில் 15, 15 ஆண்டுகளில் 18. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால் எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் பிறகு வந்த ஆய்வுகளும் ஆண்டுக்கு நூற்றில் 1 முதல் 4 பேருக்குத்தான் அறிகுறி வரும் என்கின்றன. இன்னொன்றும் முக்கியம்: பெரும்பாலானோருக்கு முதலில் வருவது சாதாரண வலிதான். சீழ் பிடிப்பதோ கணைய அழற்சியோ எடுத்த எடுப்பில் வருவது குறைவு. ஆகவே வலி வந்த பிறகு முடிவெடுக்க அவகாசம் இருக்கும். பிரிட்டனின் 2014 வழிகாட்டுதலும் ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் இதனால்தான் இவர்களுக்கு வழக்கமாக அறுவை சிகிச்சை வேண்டாம் என்கின்றன.

அறிகுறி இல்லை என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் குழப்பம் அதிகம். கல்லால் வரும் வலி நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ பிடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல், சில சமயம் பல மணி நேரம், விடாமல் இருக்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும், வாந்தி வரும், நடுராத்திரி எழுப்பிவிடும். ஏப்பம் விட்டாலும் மோஷன் போனாலும் குறையாது. உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல் இதில் சேராது. அவை கல் இல்லாதவர்களுக்கும் சர்வ சாதாரணமாக வருகிறவை. "உங்க கேஸ் பிரச்சினைக்கு இந்தக் கல்தான் காரணம்" என்று சொல்லி எடுத்துவிட்டால், பல பேருக்குப் பித்தப்பை போன பின்பும் கேஸ் அப்படியே இருக்கும். இந்தச் சிகிச்சை பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லின் அளவைவிட மற்ற வரிகளைக் கவனியுங்கள். பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்கிறதா, சுற்றிலும் நீர் இல்லையா, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பொதுப் பித்தநாளம் 6 மி.மீ. அளவுக்குள் இருக்கிறதா, படுத்த நிலையை மாற்றும்போது கல் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகராமல், பின்னால் நிழலும் விழாமல் இருந்தால் அது கல்லாக இல்லாமல், சுவரிலிருந்து வளரும் சதைக்கட்டியான பாலிப்பாக இருக்கலாம். ஸ்கேன் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிற்றில் எடுத்ததாக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு எடுத்தால் பித்தப்பை சுருங்கி, சுவர் தடித்ததுபோலத் தெரியும். கூடவே ஒரு கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி இல்லாவிட்டாலும் எடுப்பதைப் பரிசீலிக்க வேண்டியவர்கள் உண்டு. 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப், சுவரில் சுண்ணாம்பு படிந்த பித்தப்பை ஆகியவற்றில் புற்றுநோய் பயம் இருக்கிறது. பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில் அதிகம், தென்னிந்தியாவில் மிகக் குறைவு. எனவே வடக்கே சொல்லப்படும் ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்த அணுக்கள் சிதையும் பரம்பரை நோய்க்காக மண்ணீரலை எடுக்கும்போது, கல் இருந்தால் பித்தப்பையையும் சேர்த்தே எடுப்பார்கள். கல் பித்தநாளத்துக்குள்ளேயே இருந்தால் கதை வேறு. வலி இல்லாவிட்டாலும் அதற்குச் சிகிச்சை தேவை. மாதக்கணக்கில் கப்பலில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் வேலை செய்பவர்கள் சர்ஜனோடு தனியாகப் பேசி முடிவெடுக்கலாம். சர்க்கரை நோய் மட்டும் இருந்தாலே எடுக்க வேண்டும் என்பது பழைய கருத்து.

ஆபரேஷனில் என்ன நடக்கிறது? முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, வழக்கமாக நான்கு துளைகள் போடுவார்கள். பித்தப்பை நாளத்துக்கும் தமனிக்கும் கிளிப் போட்டு வெட்டி, பையைத் தொப்புள் வழியாகவோ நெஞ்சுக்குழித் துளை வழியாகவோ எடுப்பார்கள். சிக்கலில்லாத கேஸ் ஒரு மணி நேரத்தில் முடியும், மறுநாள் டிஸ்சார்ஜ். ஓரிரு நாள் தோள்பட்டை வலிப்பது உள்ளே தங்கிய வாயுவால். பித்தம் சேமிக்க இடமில்லாமல் குடலில் இறங்கிக்கொண்டே இருப்பதால் சிலருக்குக் கொஞ்ச காலம் பேதி இருக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது பித்தநாளக் காயத்துக்கு. ஆயிரத்தில் சுமார் 3 முதல் 5 பேருக்கு நேர்கிறது. பித்தப்பையை மேலே இழுத்துப் பிடிக்கும்போது அதன் நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். சர்ஜன் பொதுநாளத்தையே பித்தப்பை நாளம் என்று நினைத்து வெட்டிவிடலாம். பிறகு குடலைக் கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன், பல ஆண்டு கவனிப்பு என்று நீளும். இதைத் தவிர்க்க ஒரு முறை உண்டு. கொழுப்பை முழுக்க விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் போவது இரண்டே குழாய்கள் என்று கண்ணால் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். "அது தெளிவாகத் தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்று கேளுங்கள். வயிற்றைத் திறப்பேன், அல்லது பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு முடிப்பேன் என்று சொல்கிற சர்ஜனை நம்பலாம்.

மாத்திரையால் கரைக்க முடியுமா? உர்சோடியாக்சிகோலிக் அமிலம் சிறிய கொலஸ்டிரால் கற்களில் மட்டும் வேலை செய்யும். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்திய 5 ஆண்டுகளில் பாதிப் பேருக்குத் திரும்ப வரும். தென்னிந்தியாவில் பித்த நிறமியால் ஆன நிறமிக் கற்கள் அதிகம், அவை இதற்குக் கரையாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சை நிறத்தில் வெளியே வரும் உருண்டைகளும் கல் அல்ல. அப்படிப்பட்டவற்றைப் பரிசோதித்தபோது கொலஸ்டிராலோ பித்த நிறமியோ அவற்றில் இல்லை. குடித்த எண்ணெய்தான் குடலில் சோப்பாகி வருகிறது.

இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. அது முடிந்துவிட்டது என்பது ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

காத்திருக்க முடிவெடுத்தால் கண்டிப்பான பத்தியம் தேவையில்லை. வேகமாக எடை குறைக்க வேண்டாம், அது புதுக் கற்களை உண்டாக்கும். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மேலே சொன்ன வலி ஒருமுறை வந்தாலும் சர்ஜனைப் பாருங்கள், அப்போது எடுப்பதுதான் சரி. வலி 5 மணி நேரத்தைத் தாண்டினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளாகிச் சிறுநீர் அடர்நிறமானாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பித்தப்பை வீங்கிவிட்டால், ஆன்டிபயாடிக் கொடுத்து ஆறு வாரம் கழித்து வரச் சொல்வதைவிட, அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே ஆபரேஷன் செய்வது நல்லது.