வீட்டுக் கடன் முடிந்தது, பழைய பாலிசிகளை என்ன செய்தோம்?

2009-இல் வாங்கிய இருபது வருட வீட்டுக் கடனை 2024-லேயே அடைத்துவிட்டோம். உடனே சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கடனே இல்லை, இனி எதற்கு இத்தனை இன்சூரன்ஸ், எல்லாவற்றையும் சரண்டர் பண்ணிவிடுங்கள், அதாவது பாதியிலேயே ஒப்படைத்துப் பணத்தை வாங்கிவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பாலிசியாக எடுத்து, இது கடனுக்காகப் போட்டதா, குடும்பத்துக்காகப் போட்டதா என்று முதலில் பிரித்தோம். அப்படிப் பிரித்தது எவ்வளவு நல்லது என்று இப்போது தெரிகிறது.

கையில் இருந்தவை நான்கு. 2003-இல் போட்ட எல்.ஐ.சி. எண்டோமென்ட் (காப்போடு சேமிப்பும் சேர்ந்தது, முதிர்வில் பணம் வரும்), 5 லட்சம், 25 வருடம். மனைவி பெயரில் ஒரு ஜீவன் ஆனந்த். கடன் தரும்போதே வங்கி சேர்த்துப் போட்ட ஒற்றைப் பிரீமியப் பாலிசி. அப்புறம் 2011-இல் நானாகப் போட்ட 50 லட்சம் டேர்ம், அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி.

எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எண்டோமென்ட் பாலிசியைக் கடனுக்கு ஈடாக வங்கிக்கு அசைன் செய்து, அதாவது உரிமையை மாற்றி எழுதிக் கொடுத்திருந்தோம். வீட்டுப் பத்திரம் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். கடன் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் விதி வைத்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்த பதிவு) ரத்து ரசீது பதிந்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதுவரை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். பாலிசி பத்திரத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அதை வங்கியிடமிருந்து வாங்கினால் மட்டும் போதாது, வங்கி உரிமையை நம் பெயருக்கே திருப்பி ரீஅசைன்மென்ட் எழுதித் தர வேண்டும், அதைப் பாலிசி இருக்கும் கிளையில் கொடுத்துப் பதிய வேண்டும். அதுவரை ஏட்டில் அந்தப் பாலிசிக்கு உரிமையாளர் வங்கிதான், முதிர்வுப் பணமும் அங்கேதான் போகும்.

பதியும்போதே நாமினியையும் பாருங்கள். பழைய சட்டப்படி, வங்கிக்கு அசைன் செய்தால் நாமினேஷன் ரத்தாகிவிடும். 2015 திருத்தச் சட்டம் அதை மாற்றியது. கடனுக்காக அசைன் செய்தால் இப்போது ரத்தாகாது, ஏற்கெனவே ரத்தாகியிருந்தாலும் ரீஅசைன் ஆனவுடன் உயிர்பெறும். ஆனாலும் புதிதாக எழுதிக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. எங்கள் பாலிசியில் கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயர்தான் இருந்தது. அம்மா இப்போது இல்லை. மனைவி பெயரை எழுதி, வங்கிக் கணக்கு விவரமும் புது செல்போன் எண்ணும் கொடுத்துவிட்டு வந்தோம்.

சரி, எண்டோமென்ட். 2024-இல் 21 பிரீமியம் கட்டியாகிவிட்டது, நான்கு பாக்கி. அப்படியே நிறுத்தினால் பெய்ட்-அப் ஆகும், அதாவது 5 லட்சத்தில் 25-க்கு 21 பங்கு, 4 லட்சத்து 20 ஆயிரம், அதோடு அதுவரை சேர்ந்த போனஸ், ஆனால் அது 2028-இல்தான் கைக்கு வரும். சரண்டர் செய்தால் அதையும் தள்ளுபடி போட்டு இன்னும் குறைத்துத்தான் இப்போது தருவார்கள். எண்டோமென்டில் ஆரம்ப வருடங்களில் லாபம் மிகக் குறைவு. நீண்ட கால பாலிசிகளுக்குத் தரும் இறுதிக் கூடுதல் போனஸ், கடைசிவரை கட்டியவர்களுக்குத்தான் முழுதாகச் சேரும். 21 வருடம் பொறுத்தவர்கள் அந்தக் கட்டத்தில் கையை எடுக்கக் கூடாது. தொடர்ந்து கட்டுகிறோம். ஜீவன் ஆனந்தில் யோசிக்கவே இல்லை, முதிர்வுப் பணம் வாங்கிய பிறகும் பிரீமியம் கட்டாமலேயே ஆயுள் முழுக்கக் காப்பு தொடரும் பாலிசி அது.

வங்கி போட்டுவிட்ட பாலிசிதான் உண்மையில் கடனுக்கானது. அதன் பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்துவிட்டதால் அதற்கும் சேர்த்தே 15 வருடம் வட்டி கட்டியிருக்கிறோம். இதில் காப்புத் தொகை வருடா வருடம் குறைந்துகொண்டே வரும், கடன் பாக்கி குறையக் குறைய. ஆனால் அந்தக் குறையும் அட்டவணை, கடன் வாங்கிய நாளின் வட்டியை வைத்துப் போட்டது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 4-இலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு ஏறியபோது பலருக்கும் இ.எம்.ஐ.யை ஏற்றாமல் தவணைக் காலத்தைத்தான் நீட்டினார்கள். கடன் நீண்டது, காப்பு நீளவில்லை. அந்த இடைவெளியில் ஏதாவது நடந்திருந்தால் மீதிக் கடன் குடும்பத்தின் தலையில்தான் விழுந்திருக்கும். இன்னும் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பாலிசியின் காப்பீட்டுச் சான்றிதழை இன்றைக்கே வாங்கி, இந்த வருடம் காப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தயவுசெய்து.

கடனை முன்கூட்டியே அடைத்தபோது கவுன்டரில் சொன்ன பதில், கடன் முடிந்தால் அதுவும் முடிந்தது என்பது. எங்கள் சான்றிதழில் அப்படி இல்லை. முன்கூட்டி அடைத்தால் மீதிக் காலத்துக்குக் காப்பைத் தொடரலாம், அப்போது பணம் வங்கிக்கு இல்லாமல் நாமினிக்கு வரும், அல்லது ஒப்படைத்துவிட்டு மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பப் பெறலாம் என்று தெளிவாக இருந்தது. ஒப்படைத்தோம். காப்பீட்டு நிறுவனத்துக்கே நேரடியாக எழுதி வாங்கினோம். பெரிய தொகை இல்லை, ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் யாரும் கூப்பிட்டுத் தந்திருக்க மாட்டார்கள்.

டேர்ம் பாலிசியைத் தொடவில்லை. கடன்தான் போயிருக்கிறது, மகள் இப்போதுதான் கல்லூரியில் படிக்கிறாள், வீட்டில் ஒரே வருமானம் என்னுடையது. ஐம்பதை நெருங்கும்போது அதே 50 லட்சத்துக்குப் புதிதாகப் போனால் பிரீமியம் பல மடங்கு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பாலிசி மூன்று வருடம் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொல்கிறது. பழையதை விட்டுவிட்டுப் புதியது எடுத்தால் அந்த மூன்று வருடம் முதலிலிருந்து தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, டேர்முக்குக் கட்டிய 18 விழுக்காடு நின்றுவிட்டது.

கடைசியாக, கடன் முடிந்த செய்தி தெரிந்ததும் ஒரு ஏஜென்ட் வந்தார். கடன் அசல் கட்டியது போய்விட்டதால் வருமான வரிக் கழிவு தரும் 80சி பிரிவில் இடம் காலியாகிவிட்டது, அதை நிரப்ப ஒரு புது பாலிசி போடுங்கள் சார் என்றார். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன், அதில் 80சி-யே கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.