ஏபிஎஸ் விளக்கு அணைந்து இரண்டு வருடம்: உப்புக்காற்றில் ஓடும் என் கார்

என் கார் 2012 மாடல். ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற ஏபிஎஸ், அப்போதெல்லாம் எல்லா வண்டியிலும் வராது. 2019 ஏப்ரலில்தான் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் மழையிலும் வெயிலிலும் போய்வருகிறவன் என்பதால், அதற்காகவே கூடுதல் பணம் கட்டி மேல் மாடலை எடுத்தேன். வீடு தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்தில். துணி காயப்போடும் கம்பிகூட சீக்கிரம் துருப்பிடித்துவிடும் ஊர்.

2023 மே மாதம் தொந்தரவு ஆரம்பித்தது. முதலில் விளக்கு எரியவில்லை. ஆல்பேட்டை பக்கம் வண்டி நிற்கப்போகிற நேரம், வேகம் பத்துக்குக் கீழே இறங்கும்போது, பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. காய்ந்த சாலை, லேசாகத்தான் மிதித்திருந்தேன். வண்டி நினைத்த இடத்தில் நிற்காமல் இன்னும் ஓர் அடி உருண்டு போய் நின்றது. முன்னால் ஒரு டூவீலரில் குழந்தையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வாரத்தில் மஞ்சள் விளக்கு நிரந்தரமாக எரிய ஆரம்பித்தது.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பங்கிடுகிற வேலையும் நின்றுபோயிருக்கலாம்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தார்கள். சி0035 என்ற கோளாறு எண் (கோடு) வந்தது. இடது முன் சக்கர வேக சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். உடனே புது சென்சார் போட்டார்கள், கூலியோடு 4,200 ரூபாய். விளக்கு அணைந்தது. இரண்டே மாதத்தில் அதே விளக்கு, அதே கோடு. இந்த முறை, ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், 38,000 ஆகும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனிடம் போனேன். அவர் முதலில் கழற்றவே இல்லை. ஸ்கேனரை மாட்டி என் தங்கை மகன் கையில் கொடுத்து, என்னை ஓட்டச் சொன்னார். நாலு சக்கரத்தின் வேகமும் திரையில் ஓடியது. முப்பதில் போகும்போது நாலும் ஒன்றாக இருந்தன. மெதுவாகக் குறைத்தேன். மூன்று சக்கரங்கள் பத்து காட்டும்போது இடது முன் சக்கரம் மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

"பாத்தீங்களா சார்? சக்கரம் பூட்டிக்கிச்சுன்னு ஏபிஎஸ் நெனச்சுக்குது. அதான் பிரேக்க விட்டு விட்டுப் புடிக்குது" என்றார்.

என் வண்டியில் இருப்பது பழைய வகை சென்சார். உள்ளே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். அச்சில் இருக்கிற பல் வளையம் அதன் மூக்குக்கு எதிரே சுழலும்போது மின் அலை உண்டாகும். வேகம் குறையக் குறைய அலையும் பலவீனமாகும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அது கொஞ்சம் கூடினாலும் மெதுவாகப் போகும்போது அலை கணக்கில் வராது. என் காரில் நடந்தது அதுதான்.

மல்டிமீட்டரை வைத்தார். காரில் மாட்டியிருந்த சென்சார் 1.1 கிலோ ஓம் மின்தடை காட்டியது. டிக்கியில் கிடந்த பழைய சென்சாரும் கிட்டத்தட்ட அதே. "பழசும் நல்லாத்தான் சார் இருக்கு. உக்கார்ற எடம்தான் கெட்டுக்கிடக்கு." கழற்றிக் காட்டினார். சென்சார் உட்காரும் இரும்பில் துரு அடுக்கடுக்காக, அப்பளம் மாதிரி உப்பி, சென்சாரையே மேலே தூக்கியிருந்தது. மூக்கில் இரும்புத்தூள் மீசை போல ஒட்டியிருந்தது. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். வளையத்தின் பல் இடுக்குகளை பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவினார், மூக்கில் படாமல். கூலி 600 ரூபாய். (புது வகை சென்சாரை இப்படி ஓம் வைத்துப் பார்க்கக் கூடாது, அதற்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது. ஸ்கேனரில் வேகம் பார்ப்பது இரண்டுக்கும் பொருந்தும்.)

அது 2023 ஆகஸ்ட். அதற்கப்புறம் 31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. நானும் ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனர் ஒன்றை 5,400 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் வாங்கிய மலிவான புளூடூத் கருவி என் காரில் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் காட்டியது, ஏபிஎஸ் பக்கமே போகவில்லை. வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். வண்டி பாதி சக்கரம் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நாலு சென்சார் கனெக்டரையும் பிரித்துக் காயவைத்தேன். ஒன்றின் உள்ளே இருக்கிற உலோக ஊசி பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது. சுத்தம் செய்தேன். விளக்கு எரியவில்லை.

ஒரே ஒரு முறை திரும்ப எரிந்தது, ஒரு தை மாதக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது. நெஞ்சு திக்கென்றது. பார்த்தால் பேட்டரி வீக், மின்னழுத்தம் குறைந்ததால் வந்த கோடு. பேட்டரி மாற்றியதும் போய்விட்டது.

இப்போது ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்துக்கு முன்னால், முன் சக்கரங்கள் இரண்டின் சென்சாரையும் கழற்றிப் பார்க்கிறேன். கழற்றுவதற்கு முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சென்சாரின் பிளாஸ்டிக் உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். போன மழையில் தவளக்குப்பம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. ஓங்கி மிதித்தேன். பெடல் அதிர்ந்தது, ஸ்டியரிங் என் கையில் திரும்பியது, மாட்டைச் சுற்றி வந்து நின்றேன்.