சிபி750-யா, இசட்1-ஆ: எந்த இன்ஜினில் கை வைப்பது?

பழைய ஜப்பான் நாலு சிலிண்டர் வண்டியின் இன்ஜினை இன்னும் கொஞ்சம் உசுப்பிவிட ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள்: 1969-இல் வந்த ஹோண்டா சிபி750, இல்லாவிட்டால் 1972-இல் வந்த கவாசாகி இசட்1. கவாசாகியும் முதலில் 750 சிசி இன்ஜினைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஹோண்டா முந்திக்கொண்டதும் 903-க்கு ஏற்றிவிட்டார்கள். அதனால் கம்பெனிக் கணக்கிலேயே 67 குதிரைத்திறனுக்கு எதிரே 82. இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெரிய இன்ஜின் கூடத்தான் தரும்.

எல்லோரும் முதலில் கேட்பது பெரிய பிஸ்டன் பற்றி. ஹோண்டாவில் 61 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 65 போட்டால் 736 சிசி 836 ஆகும். கவாசாகியில் 66-க்குப் பதில் 70 போட்டால் 903 சிசி 1015 ஆகும். பின்னால் வந்த இசட்1000-இல் கம்பெனியே போட்ட அளவு அது. ஒன்றில் 13.6 சதவீதம், மற்றதில் 12.4. சொல்லப்போனால் ஹோண்டாவுக்கு ஒரு நூல் அதிகம்! எனவே பிஸ்டனை வைத்துச் சண்டை போடுவது வீண்.

சண்டை போட வேண்டிய இடம் ஹெட், அதாவது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல் பகுதி. ஹோண்டாவில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கேம்ஷாஃப்ட், அதாவது வால்வைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு. சுருக்கமாக கேம். அது ராக்கர் என்ற சிறு நெம்புகோலைத் தள்ள, ராக்கர் வால்வைத் தள்ளும். சுற்று ஏற ஏற அந்த ராக்கரின் எடையையும் ஸ்பிரிங்தான் சமாளிக்க வேண்டும். முடியாதபோது வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும். இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் மேடுகளும் ஒரே தண்டில் கடைந்தவை, அவற்றுக்கு இடையிலுள்ள கோணத்தை நாம் மாற்றவே முடியாது. வேறு கோணம் வேண்டுமென்றால் வேறு கேம்தான் வாங்க வேண்டும். கவாசாகியில் இரண்டு தண்டுகள். ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் துளைகளை நீளமாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சில டிகிரி முன்னே பின்னே நகர்த்தலாம். இழுவை கீழ்ச் சுற்றில் வேண்டுமா, மேலேயா என்பதை அங்கேயே பேசி முடித்துவிடலாம். டியூனர்களுக்கு இசட்1 இனித்தது இதனால்தான் என்பது என் எண்ணம். சிபி750-இல் நிறைய வேலை செய்த ஜப்பானிய டியூனர் ஹிதியோ யோஷிமுராவும் இசட்1 வந்த பிறகு அந்தப் பக்கம் போனார்.

ஆனால் வால்வு இடைவெளி சரிபார்க்கும் நாளில் ஹோண்டாக்காரர்தான் சிரிப்பார். ஒரு ஸ்பானர், இடைவெளியை அளக்க ஒரு ஃபீலர் கேஜ், இன்டேக்குக்கு 0.05 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.08. டேப்பெட் திருகைத் திருப்பினால் தீர்ந்தது. கவாசாகியில் ஒவ்வொரு வால்வுக்கும் சரியான தடிமனில் ஷிம் என்ற உலோக வில்லையைத் தேட வேண்டும். உயரமான கேம் போட்டால், வால்வைத் தள்ளும் கிண்ணமான பக்கெட்டின் மேலே உட்கார்ந்திருக்கும் அந்த ஷிம் தெறித்து வெளியே வரும் ஆபத்தும் உண்டு. அப்போது ஷிம்மை பக்கெட்டுக்கு அடியில் வைக்கும் முறைக்கு மாற வேண்டியிருக்கும்.

கீழே, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில், கதை வேறு. ஹோண்டாவுடையது ஒரே துண்டு, முறுக்கிக்கொள்ளாது. ஆயில் படலத்தை நம்பிச் சுழலும் ஷெல் பேரிங் என்பதால் ஆயில் அழுத்தம் குறைந்தால் மட்டும் மன்னிக்காது. கவாசாகியுடையது அழுத்திச் சேர்த்த துண்டுகள், ரோலர் பேரிங். ஆயில் விஷயத்தில் பொறுமைசாலி. ஆனால் நேர்கோட்டில் சீறும் டிராக் (drag) பந்தயத்தில் கிளட்சை அப்படியே விட்டுக் கிளம்பினால் துண்டுகள் நழுவி முறுக்கிக்கொள்ளும், அதனால் பின்களை வெல்டிங் செய்துவிடுவார்கள். ஹோண்டாவின் இன்னொரு பலவீனம் கேமைச் சுழற்றும் செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனர். 1970-இல் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தில் டிக் மேன் ஜெயித்த வண்டியையே அது படுத்தி எடுத்தது. அந்த அணியின் மற்ற ஹோண்டாக்கள் பந்தயத்தை முடிக்கவே இல்லை.

கார்புரேட்டரில் இரண்டும் ஒன்றுதான்: இரண்டிலும் 28 மி.மீ. கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுத் தனித்தனி ஃபில்டர் மாட்டும் ஆசை வேண்டாம். நான் மாட்டினேன், பாதி த்ராட்டிலில் இழுவையில் ஒரு பள்ளம் விழுந்தது. கார்புரேட்டர் ஊசியை ஏற்றி இறக்கியே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

சாலையில் ஓட்டுவதற்கு என்றால் நான் சிபி750-ஐ எடுப்பேன்: 836 பிஸ்டன், லேசான கேம், பழைய தொடுமுனையான பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், 8,500 சுற்றுக்கு மேல் போகாத கை. 100 குதிரைத்திறனைத் தாண்ட வேண்டும் என்றால் பேச்சே இல்லை, இசட்1. கேமைத் தொடும் முன், வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று அறிய, பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் சுற்றி, திறந்து பாருங்கள். அமுங்கிய களிமண்ணின் தடிமன் இன்டேக் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. இல்லையென்றால் ஸ்டார்ட் பட்டனில் விரலை வைக்காதீர்கள்.