நாலு மாரி கண்ட சாமான் அறை

2021இல் கோண்டாவிலில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, குசினிக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையைச் சாமான் அறையாக்கினேன். பெட்டி, போத்தல், தகரம், தண்ணீர்க் கான், கடைசியில் ஒரு பிரீசர் என்று ஆசைக்கு வாங்கி அடுக்கினேன். அவற்றில் எது இன்னும் அறையில் இருக்கிறது, எது பழைய இரும்புக்காரரிடம் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். வாங்கிய கிழமையே எழுதப்படும் மதிப்புரைகளை நம்பிக் காசு விட்டவன் நான். யாழ்ப்பாணத்தில் பங்குனியிலிருந்து ஆவணி வரை எந்தப் பாத்திரமும் நல்ல பாத்திரம்தான். ஐப்பசி மழை தொடங்கி, சுவர் ஈரம் குடித்து, உப்புப் போத்தலுக்குள் தண்ணீர் நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

நான் அதிகம் நம்பியது நாலு பக்கமும் கொளுவி இறுக்கும் பிளாஸ்ரிக் பெட்டிகளை. மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கும், காற்றுப் போகாது. முதல் மாரியில் அரிசிமா வறுத்து, அந்தச் சூடு ஆறுமுன்பே பெட்டியில் போட்டு நாலு கொளுவியையும் இறுக்கினேன். மாமி பார்த்துவிட்டு, "சூட்டோட மூடாதேங்கோ தம்பி, மா வேர்க்கும்" என்றார். காற்றே போகாத பெட்டிக்குள் எங்கேயிருந்து வேர்வை வரும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கிழமை கழித்துத் திறந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர், மாவின் மேலே பச்சையாகப் பூஞ்சணம். வெளி ஈரத்தை உள்ளே விடாத பெட்டி உள் ஈரத்தையும் வெளியே விடாதுதானே! இப்போது மாவை அரித்து, அகலமான தாச்சியில் பரப்பி, இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில்தான் அடைப்பது. அதற்குப் பிறகு மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெட்டிக்கு ஆனது: இரண்டாம் வருடத்துக்குள் பத்தில் ஆறு பெட்டிகளின் கொளுவி முறிந்துவிட்டது. இன்னொரு முறை வாங்கமாட்டேன்.

பிஸ்கற் தகரங்கள் வேறு கதை. புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), மிளகாய் வற்றல், வேப்பம்பூ வடகம் மூன்றும் அவற்றில்தான். சீமெந்துத் தரையில் நேராக வைத்த இரண்டு தகரமும் அடி கறள் பிடித்து ஓட்டை விழுந்தன. பலகை மேல் வைத்தவை அப்படியே இருக்கின்றன. புழுக்கொடியல் கல்லுப்போல இருக்கிறதே, அதற்கு என்ன வரப்போகிறது என்று விட்டுவிடக்கூடாது. வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். மழை விட்டு வெயில் எறிக்கிற நாளில் ஒருமுறை சுளகில் காயப்போட்டு எடுப்போம்.

இந்த அறையில் முதல் இடம் கண்ணாடிப் போத்தலுக்குத்தான். ஜாம் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், கடைகளில் ரொபி போட்டு வைக்கும் பெரிய போத்தல் என்று எதையும் மாமி எறியவிடமாட்டார். தொண்ணூறுகளில் குடாநாட்டில் கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் நெருப்பு விலை. அப்போது ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்காக்கிப் படித்த தலைமுறை அது. அவருக்கு ஜாம் போத்தல் என்றால் இன்னும் ஒரு மரியாதை. கறித்தூளுக்கு இதைவிட நல்ல பாத்திரம் இல்லை. மில்லில் திரித்த தூளையும் நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்கவேண்டும். ஒரே ஒரு குறை, வெளிச்சம். ஜன்னலோரம் வைத்த போத்தலில் தூள் நாலு மாதத்தில் நிறம் வெளிறி, வாசமும் போய்விட்டது. இப்போது எல்லாம் கதவுள்ள அலுமாரிக்குள்.

பனங்கட்டிக்குத்தான் இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. ஓலைக் குட்டானோடு வெளியில் வைத்தால் மாரியில் கசிந்து பாகாகி ஓடுகிறது, எறும்பும் வருகிறது. அந்தக் காலத்தில் விறகடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள். காஸ் அடுப்புக்கு மேலே புகை ஏது? கோடையிலேயே கண்ணாடிப் போத்தலில் அடைத்துவிடுகிறோம், ஓரளவு தாங்குகிறது. சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடியாகக் கட்டிக் காற்றுப்படத் தொங்கவிடுவதை விட்டு யாரும் பெட்டி வாங்கவேண்டாம்.

குடிக்கிற பக்கம் வருவோம். கோடையில் மண்பானைத் தண்ணீருக்கு ஈடில்லை. ஆனால் அது குளிர்வது வெளிப்புறத்து ஈரம் காற்றில் உலர்வதால். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை வெறும் பானைதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்தலில் படிகிற அதே வெள்ளை பானையின் வெளிப்புறத்திலும் பூக்கும், துளைகள் அடைபட்டு அடுத்த கோடையில் பாதிதான் குளிரும். வருடத்துக்கு ஒரு பானை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டிய தண்ணீர் வாங்கும் கானை விறாந்தையில் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தேன். உள்ளே பச்சையாகப் பாசி பிடித்தது. அறைக்குள் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

நெல்லிரசத்தில் சீனி அதிகம்தானே, திறந்த பிறகும் வெளியில் இருக்கலாம் என்று விட்டேன். ஒரு மாதம் கழித்து மூடியைத் திருகினால் சோடாப் போத்தல்போல உஸ் என்று சத்தம், புளித்த மணம். அது அப்படியே வாழைக்கு. திறந்தது பிரிட்ஜுக்கு, திறக்காதது அலுமாரிக்கு என்பதுதான் இப்போது வழக்கம். பனையிலிருந்து இறக்கும் கருப்பநீருக்கு இந்தக் கேள்வியே இல்லை. சுண்ணாம்பு போட்ட முட்டியில் இறக்கியதென்றாலும் வாங்கிய அன்றே குடித்து முடிப்போம்.

பிரீசரைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டில் சிரிப்பார்கள். பாசையூர் மீனை மலிவான நாளில் வாங்கி அடைக்கலாம் என்று 2021 கடைசியில் வாங்கினேன். மூன்றே மாதத்தில் மின்வெட்டு, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை. நிரம்பிய பிரீசரைத் திறக்காமல் விட்டால் ஏறக்குறைய 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிரம்பியது 24தான். வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி உறைய வைத்தேன். கூடவே ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவிட்டு அதன் மேல் இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்று. குற்றி கீழே இறங்கியிருந்தால் நாங்கள் பார்க்காத நேரத்தில் ஐஸ் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஏப்ரலில் ஒரு நாள் குற்றி கோப்பையின் அடியில் கிடந்தது. மூன்று கிலோ பாரையைத் தென்னைக்குக் கீழே புதைத்தோம். பிரீசரை அடுத்த வருடம் விற்றாயிற்று.

அது நின்ற இடத்தில் இப்போது, கனடாவிலிருந்து வந்த மச்சான் தந்துவிட்டுப் போன, பையிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டும் மெஷின் இருக்கிறது. ஒடியல் (அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கு) மாவும் பயறும் அதில் அடைத்து வைத்திருக்கிறேன். இப்போதைக்குப் பார்க்க அழகாக இருக்கிறது. மிச்சத்தைத் தை மாதம் எழுதுகிறேன்.